மலையைக் காணாத புவியியற் பாடம்

ஜூலை மாதத்து முற்பகலொன்றில் நமுனுகுலை, பசறை, மடுல்சீமைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றினுட் புகுவோர்க்கு ஒரு விந்தை காணக்கிடைக்கும். வெளியே கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருக்கும். பீலியில் நீர் நூலாக இழைந்து வரும். குடங்கள் வரிசையிற் காத்துக் கிடக்கும். மலைப்பாதையிற் புழுதி பறக்கும். உள்ளேயோ பிள்ளைகள், வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற் பருவக்காற்று மலைநாட்டுக்குப் பெருமழை தருகின்றது என்று உரத்த குரலில் ஒப்புவித்துக்கொண்டிருப்பர். ஒப்புவிப்பது முற்றாகப் பொய்யன்று. ஹற்றனிலும் கினிகத்தேனையிலும் அது மெய். ஊவாவில் மாத்திரம் அது மெய்யன்று. மேற்குச் சரிவில் ஏறும்போதே தன் ஈரத்தை உதிர்த்துவிட்டு, ஹோட்டன் சமவெளி தொடக்கம் அப்புத்தளை வரை நீளும் மலைமுகட்டைத் தாண்டி, வறண்ட காற்றாக இறங்குவதே ஊவாவின் கச்சான். ஊவாவுக்குரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகை மார்கழியிலுமே வருகின்றது. இதனைப் பிள்ளையின் உடல் அறியும். பிள்ளையின் தாய் அறிவாள். பாடம் அறியாது.

இதிலுள்ள கொடுமை இன்னொன்று. இந்த வறண்ட காற்றினாலேயே ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் சேர்கின்றது. அம்மணத்துக்காகவே கொழும்பு ஏலத்தில் அதற்கு விலை ஏறுகின்றது. ஏலத் தரகன் நன்கறிந்த இப்புவியியலை, அக்கொழுந்தைப் பறிப்பவளின் மகள் பள்ளியிற் கற்பதில்லை. தன் தலைமயிரைக் கலைத்துப்போகும் காற்றின் பெயரைப் பரீட்சைக்காகப் பிழையாகச் சொல்ல அவள் பழக்கப்படுகின்றாள்.

ஆரம்ப வகுப்புகளிற் புவியியல் என்ற தனிப்பாடம் இன்றில்லை. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பெயரில் அது அடங்கியுள்ளது. பெயரைச் சற்று நின்று நோக்குக. சுற்றாடலும் உண்டு, செயற்பாடும் உண்டு. இரண்டும் பெயரில் உண்டு. வகுப்பறையில் நிகழ்வதோ வினாவிடைப் புத்தகத்தைப் பார்த்தெழுதுதல். இந்நிலைக்கு மாற்றாக, பிள்ளைகள் தம் மலையைத் தம் கையாலேயே மண்ணிலும் அட்டையிலும் செய்து கற்கவேண்டும் என்று சொல்வோரை நோக்கி ‘விளையாட்டுக் காட்டுகிறார்கள்’ என்ற ஏளனம் எழுகின்றது. இது விளையாட்டா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சுவிற்சர்லாந்தின் இவர்டொன் நகரில் 1805 முதல் 1825 வரை பெஸ்டலோசி நடத்திய பள்ளியிற் புவியியல் எவ்வாறு தொடங்கியது என்பதை, அங்கு பயின்ற வுல்லியமின் என்பார் பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார். பிள்ளைகளை முதலில் அண்டையிலுள்ள சிற்றாற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்வர். முழுமையாகவும் பகுதி பகுதியாகவும் அதனைப் பார்த்து முடித்தபின், அப்பள்ளத்தாக்கின் ஓரத்திலிருந்தே களிமண் எடுத்துக் கூடைகளிற் சுமந்து வருவர். நீண்ட மேசைகளில் ஆளுக்கொரு பகுதியாக அப்பள்ளத்தாக்கை வனைவர். அடுத்தடுத்த நாட்களில் மேலும் நடப்பர், மேலும் வனைவர். வேலை முடிந்த பின்னரே தேசப்படம் அவர்களுக்குக் காட்டப்படும். அதாவது, படத்தை விளங்கிக்கொள்ளும் தகுதி வந்தபின்னரே படம் கைக்கு வரும். 1820 இல் பேர்லின் பல்கலைக்கழகத்திற் புவியியற் பேராசிரியரான கார்ல் ரிற்றர், இப்பள்ளிக்கு வந்து பார்த்தவர். தம் புவியியற் சிந்தனைக்குப் பெஸ்டலோசியிடம் கடன்பட்டதாகச் சொன்னவர். நவீன புவியியலின் மூலவருள் ஒருவர் களிமண் மேசையருகே நின்று கற்றிருக்கின்றார். அம்மேசை தோட்டத்துப் பிள்ளைக்கு மாத்திரம் விளையாட்டாகிவிடுமா?

ஊவாவில் இதனைச் செய்வதற்கு இவர்டொனைக் காட்டிலும் வாய்ப்பு மிகுதி. நமுனுகுலையையே எடுத்துக்கொள்க. ஒரு பலகையில் அம்மலையைக் களிமண்ணால் வனைந்து, உச்சியிற் பூவாளியால் நீர் தெளித்தால் நீர் இரு திசையிற் பிரியும். மேற்குச் சரிவின் நீர் பதுளு ஓயாவிற் சேர்ந்து, துன்ஹிந்தையில் வீழ்ந்து, மகாவலியோடு கூடித் திருகோணமலையின் கொட்டியார்க் குடாவை அடையும். மறுசரிவின் நீர் மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்தைத் தொட்டுத் தென்கடலில் விழும். ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் போய் மாணிக்க கங்கையில் மூழ்கி எழாத தோட்டக் குடும்பம் ஊவாவில் அரிது. அந்நீர் தன் லயத்துக்குப் பின்னாலுள்ள மலையிலிருந்து தனக்கு முன்னரே புறப்பட்டு வந்த நீர் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை பலகையிற் கண்டுவிட்டால், ‘நீரேந்து பிரதேசம்’ என்ற சொல்லை அதற்கு மனனஞ்செய்விக்க வேண்டியதில்லை.

களிமண்ணுக்கு அடுத்த படி அட்டை. நில அளவைத் திணைக்களத்தின் ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுத்திட்டப் படத்திற் சமவுயரக் கோடுகள் உள. நூறு மீற்றருக்கு ஒன்றாக அக்கோடுகளைப் படியெடுத்து, இரண்டு மில்லிமீற்றர் பருமனுள்ள அட்டையில் வெட்டி, ஒன்றன்மேலொன்றாக ஒட்டினால் மலை எழும். அந்த அளவுத்திட்டத்தில் இரண்டு மில்லிமீற்றர் என்பது சரியாக நூறு மீற்றரே. பதுளை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றரிலும் நமுனுகுலை உச்சி 2036 மீற்றரிலும் இருப்பதால், நகரிலிருந்து உச்சிக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு அட்டைகள் போதும். மூன்று சென்ரிமீற்றருக்கும் குறைவு. ‘இவ்வளவுதானா நமுனுகுலை?’ என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். மலை உயர்ந்து தோன்றவேண்டுமென்று அட்டையை இரட்டிப்பாக்கினால் சரிவும் பொய்யாகிவிடும் என்று ஆசிரியர் அப்போது சொல்லலாம். விகிதம், பெருக்கல், வகுத்தல் யாவும் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடுகின்றன. கணித பாடத்துக்குத் தனி மணி அடிக்க வேண்டியதில்லை.

தெமோதரையிற் புகையிரதப் பாதை தன் நிலையத்தின் கீழேயே சுரங்கத்தால் நுழைந்து செல்கின்றது. நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி என்ற சரிவுக்கு மேல் மலைநாட்டுப் பாதையில் வண்டி ஏறவியலாது என்பதால், சுற்றிவளைத்து இறங்க வேண்டியதாயிற்று. 1924 இற் பதுளை வரை பாதை திறக்கப்பட்டது. இவ்வளைவை வகுக்கத் தெரியாது திகைத்த பொறியியலாளருக்கு, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மீளச் சுற்றிக் கட்டியதைக் கண்டு வழி புலப்பட்டதாக ஊவாவில் ஒரு வாய்மொழிக் கதை வழங்குகின்றது. கதை நடந்ததோ இல்லையோ, அதிலுள்ள அறிவு உண்மையானது: காகிதத்தில் தீராத சிக்கல் துணியிலும் கையிலும் தீர்ந்தது. அத்தலைப்பாகையின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இன்று கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்குமாறு கட்டளையிடப்படுகின்றது.

இனி மறுப்புரைகள். நேரமில்லை என்பது முதலாவது. தரம் ஐந்து புலமைப்பரிசிற் பரீட்சை வருகின்றது, பாடத்திட்டம் முடியவேண்டும், மண் பிசைய நேரமேது என்பர். ஒரே தரவை மூன்று ஆண்டு மும்முறை மனனஞ்செய்வித்து மும்முறையும் மறக்கச் செய்வதற்கு நேரம் உண்டாயின், ஒருமுறை செய்து மறவாதிருப்பதற்கு நேரமில்லை என்பது கணக்கறியாதோர் வாதம். இதற்குமேல் இதற்கு மறுமொழி வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு அவ்வாறு தள்ளத்தக்கதன்று. அது பெற்றோரிடமிருந்து வருவது. ‘நாங்கள்தான் மண்ணிலே கிடக்கிறோம், பிள்ளையும் பள்ளிக்கூடம் போய் மண்ணைப் பிசையவா?’ என்று தாயொருத்தி கேட்பாளாயின், அக்கேள்விக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு நிற்கின்றது. முள்ளுக்குத்தியும் கான் வெட்டியும் கவ்வாத்துப் பண்ணியும் தேய்ந்த கைகள், வெள்ளைச் சீருடையில் மண் படாமல் ஒரு தலைமுறையேனும் தப்பிவிட வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தைக் கல்விக் கொள்கை பேசுவோர் எள்ளுவது பண்பன்று.

இதனோடு பிறந்ததே மூன்றாவது மறுப்பும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்தையே கற்பித்தால் அது தோட்டத்திலேயே கிடந்துவிடாதா? வரலாறு இவ்வையத்துக்கு இடந்தருகின்றது. 1920 இன் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. நிருவாகம் விரும்பியதோ எழுத்தும் எண்ணும் சற்றே அறிந்து மீண்டும் கொழுந்துக் கூடைக்குத் திரும்பும் பிள்ளையையே. 1945 இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் அதன் முழுப்பயன் தோட்ட எல்லைக்குள் வரவில்லை. மூன்று ஆண்டுகள் கழிய, 1948 இன் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றோராக்கியது. ஓரறை, ஓராசிரியர், ஐந்து வகுப்பு என்ற நிலை தலைமுறைகளாக நீடித்தது. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான பின்னர், 1977 தொடக்கமே அவற்றின் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வரலாயின. சுவீடன் நாட்டின் உதவியோடு 1986 இல் ஆரம்பித்த திட்டத்தினாற் கட்டடங்கள் எழுந்தன; தோட்டத்து இளைஞர் பலர் ஆசிரியராயினர். இத்துணைத் தடைகளைத் தாண்டிவந்த சமூகம், ‘உங்களுக்கு உங்கள் மலையே போதும்’ என்ற குரலைச் சந்தேகத்தோடுதான் கேட்கும். கேட்கவும் வேண்டும்.

ஆயினும், மனனக் கல்வியால் தோட்டத்தைவிட்டு வெளியேறியது எது? அல்ப்ஸ் மலையின் பெயரும் அமேசன் ஆற்றின் நீளமும் பிள்ளையின் நாவிற்கு வந்தன. அவற்றைக் கற்பனை செய்யும் ஆற்றல் வரவில்லை. தன் மலையின் சரிவைக் கையால் வனைந்து, பின் அதனைக் கோடுகளாகப் படத்திற் கண்ட பிள்ளை, எந்த நாட்டின் சமவுயரக் கோட்டுப் படத்தையும் எடுத்து விரித்து, ‘இங்கே செங்குத்து, இங்கே ஆறு, இங்கே வீடு கட்டலாம்’ என்று சொல்லவல்லது. அல்ப்ஸ் அதற்கு அப்போதுதான் உண்மையாகின்றது. மலையிலிருந்து வெளியேறும் வழி மலையை அறிவதனூடாகப் போகின்றது. இவர்டொன் பிள்ளைகள் தம் சிற்றாற்றங்கரையிலேயே கிடந்துவிடவில்லை.

தாயின் கேள்விக்கும் இங்கே விடையுண்டு. பெருமழையில் மண் கரைந்து போகாதவாறு எந்தச் சரிவில் எவ்வளவு சாய்வாகக் கான் போகவேண்டும் என்பதைக் கண்ணாலேயே மட்டங் கட்டும் முதியோர் ஒவ்வொரு லயத்திலும் உளர். அது கூலி வேலை என்று மாத்திரம் எண்ணப்பட்டு வந்துள்ளது, அது நீரியல். அம்முதியவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகள் வனைந்த மலையிற் கான் கீறிக்காட்டச் சொன்னால், பேரன் முன்னே அவருடைய தொழில் அறிவாகத் தோன்றும். மண்ணைப் பிசைவதில் இழிவில்லை. பிசைந்தவன் அறிந்ததை அறிவென்று ஏற்க மறுத்ததே இழிவு. தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியப் பணி புரிந்த எழுத்தாளர் ஜோசப், அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சூடித் தமிழ் உலகெங்கும் அறியப்பட்டார். தோட்டத்தின் பெயர் அவரைத் தோட்டத்துக்குள் அடைத்துவிடவில்லை.

பகைவரினும் கொடியோர் போலி நண்பர். மாதிரியுருக் கல்வியை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி அதனைக் கண்காட்சிப் பொருளாக்குவோர் அவர்கள். கல்விப் பணிப்பாளர் வருகின்றார் என்றதும் நகரிலிருந்து ரெஜிபோம் வாங்கப்படும். ஆசிரியர் இரவிரவாக வெட்டுவார். வசதியுள்ள வீட்டுத் தமையன் பச்சைச் சாயம் பூசுவான். நீலக் காகிதத்தில் நீர்வீழ்ச்சி தொங்கும். அதனருகே பிள்ளை கைகட்டி நின்று, எழுதிக்கொடுத்த ஐந்து வசனங்களை ஒப்புவிக்கும். தியலும நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர் என்று சொல்லும். அது ஏன் அவ்விடத்தில் வீழ்கின்றது என்று கேட்டால் விழிக்கும். விழா முடிந்ததும் மாதிரியுரு அலுமாரியின் மேல் ஏறிப் புழுதி படியும். தொட்டால் அடி விழும். இது மனனக் கல்வியின் புதுக்கோலம். பொருளை வாங்க இயலாத பெற்றோருக்கு இது வரியுமாகும். அழகற்ற, விரலடையாளம் பதிந்த, நீரூற்றினாற் கரையும், மறுநாள் மீண்டும் வனையப்படும் மண்மலையே பாடம். கரையாத மாதிரியுருவால் ஊவாவுக்குப் பயனில்லை.

ஏனெனில் ஊவாவின் மலைகள் கரைவன. 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாட் காலையில் கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர்தப்பினர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடத்தின் ஆபத்தைப் பற்றி அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது; குடியிருந்தோர்க்குப் போவதற்கு வேறு காணி இருக்கவில்லை. எனவே, அறியாமையால் மாண்டனர் என்று சொல்லுதல் அவர்களை இரண்டாம் முறை புதைப்பதாகும். குற்றம் காணியையும் வீட்டையும் மறுத்தோருடையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டன.

இங்கே வகுப்பறை என்ன செய்யக்கூடும்? மலையைத் தடுத்துநிறுத்த அதனால் இயலாது. ஆனால் சாய்த்த பலகையில் மெழுகுத் தாள் விரித்து, அதன்மேல் மண்ணை அப்பி, மெல்ல மெல்ல நீர்வார்த்தால், மேலே முதலில் வெடிப்புத் தோன்றுவதையும், நட்டுவைத்த ஈர்க்குகள் சாய்வதையும், அடியிற் கலங்கல் நீர் கசிவதையும், பின் யாவும் ஒருமிக்க வழுக்குவதையும் பிள்ளை காணும். கானை அடைத்து ஒருமுறை, திறந்து ஒருமுறை செய்தால் வேற்றுமை புலப்படும். அவ்வறிகுறிகளை மெய்யான மலையிற் கண்டால் அப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லும். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. தன் லயம் எந்தச் சரிவில் எந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கின்றது என்று படத்திற் காட்டத் தெரிந்தவனாக அவன் வளர்வான். தோட்டக் காரியாலயத்திலும் கச்சேரியிலும் ‘உனக்கென்ன தெரியும்’ என்று கேட்போர் முன் அவன் விரல் வைத்துக் காட்டும் இடம் படத்தில் இருக்கும்.

உமா ஓயாத் திட்டத்தின் அனுபவமும் அண்மையது. மகாவலிப் பக்கம் ஓடும் நீரை மலையைக் குடைந்து கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பும் அத்திட்டத்தின் சுரங்கத்துள் 2014 டிசம்பரில் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. ஈர மணல் நிரப்பிய பெட்டியின் அடியில் ஒரு குழாயைச் செருகினால் மேலே வெட்டிய சிறு கிணறு வற்றுவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்ணாற் காணலாம். கிணறு ஏன் வற்றியது என்று ஆண்டுக்கணக்காகக் காரியாலயங்களிற் கேட்டு நின்ற ஊரில், அப்பிள்ளை முப்பது நிமிடத்தில் அதன் காரணத்தைச் செய்துகாட்டும்.

இவற்றுக்கெல்லாம் வேண்டியவை சொற்பம். மண் இலவசம், அட்டை, கடைகளில் எறியப்படும் பெட்டி. இல்லாதது படம் ஒன்றே. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மலைகளை எண்ணிட்டு, கானும் பாதையும் லயமும் குறித்த படம் துரையின் காரியாலயச் சுவரில் தொங்குகின்றது. அப்படத்திலுள்ள ஒவ்வொரு கோட்டையும் மண்ணில் வெட்டியவர்களின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் அதன் பிரதி கிடையாது. மண்சரிவு அபாய வலயங்களைக் குறித்த படங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளன. இடவிளக்கப் படங்கள் நில அளவைத் திணைக்களத்திற் காசுக்குக் கிடைக்கின்றன. ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் தன் தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இம்மூன்றிலும் ஒவ்வொரு பிரதி பெற்றுக்கொடுக்கட்டும். ஆசிரியப் பயிற்சி நெறிகளிற் களிமண் மேசை ஒரு பாடமாகட்டும். வருகைதரும் பணிப்பாளர்கள் கண்காட்சிக் கூடத்துக்குப் போகாமல் பாடசாலையின் பின்புறம் போய், அங்கே மண் குழைத்த பலகை உண்டா, அது அன்று காலை நனைந்ததா என்று பார்க்கட்டும்.